மீதி சொல்லும் சேதி



ரிசல்ட் வந்ததும் நம்மில் பலர் பயந்துகொண்டே பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான். லேத்தும் மோட்டாரும் கைக்கு அடங்குகின்றன. அல்ஜீப்ரா மட்டும் அரியர் வைத்துவிடுகிறது. அதிலும் பல்லுறுப்புக் கோவை வகுத்தல் என்றால், "ஐயோ, அந்த நீளக் கணக்கா!" என்று கேள்வியையே தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டவே வேண்டாம். அது நமக்குத் தெரிந்த கணக்குதான்.

நம்ம ஊர் நெய்யையே எடுத்துக்கொள்வோம். 47 கிலோ நெய்யை 5 கிலோ டின்களில் அடைத்தால் 9 டின் நிறையும், 2 கிலோ மிஞ்சும். அதாவது 47 = 5 × 9 + 2. வகுபடுவது = வகுத்தி × ஈவு + மீதி. இந்த ஒரு வரிதான் மொத்தப் பாடமும்!

இனி கோவைக்கு வருவோம். புத்தகத்தில் உள்ள எக்ஸை இங்கே 'ய' என்று எழுதுகிறேன். 2ய³ − 7ய + 5 என்பதை ய − 2 ஆல் வகுக்க வேண்டும். தொகுமுறை வகுத்தலில் கெழுக்களை மட்டும் எழுதினால் போதும்:

2 | 2   0   −7   5
   |      4     8   2
     2   4     1   7

முதல் 2-ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை இடப்பக்கத்து 2-ஆல் பெருக்கி, அடுத்த கெழுவின் கீழ் எழுதிக் கூட்டுங்கள். கடைசி வரை இதே வேலைதான். ஈவு 2ய² + 4ய + 1, மீதி 7.

பூஜ்யத்தை விடாதீர்கள்

கேள்வியில் ய² இல்லையே, அந்த 0 எங்கிருந்து வந்தது? இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். 2005 ரூபாயை 25 என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் சும்மா விடுவாரா? அதே மாதிரிதான் இதுவும். ய² இடத்துக்கு 0 போடாமல் செய்தால் மீதி −1 என்று வரும். முழுக் கணக்கும் போச்சு.

இன்னொன்று: வகுத்தி ய + 2 என்றால் இடப்பக்கம் எழுத வேண்டியது −2. வகுத்தியைப் பூஜ்யமாக்கும் எண் எதுவோ அதுதான் அங்கே வரும்.

வகுக்காமலே மீதி

மீதி மட்டும் கேட்டால் வகுக்கவே வேண்டாம். ய = 2 என்று போடுங்கள்: 16 − 14 + 5 = 7. அதே மீதி! காரணம் நம் நெய்க் கணக்கிலேயே இருக்கிறது. ய = 2 ஆனால் வகுத்தி ய − 2 பூஜ்யம்; அது ஈவையும் சேர்த்து விழுங்கிவிடும்; மிஞ்சுவது மீதி மட்டுமே. இதுதான் மீதித் தேற்றம்.

ய³ + கய² − 5ய + 6 என்பது ய − 3 ஆல் மீதியின்றி வகுபட்டால் 'க' என்ன? ய = 3 போட்டால் 27 + 9க − 15 + 6 = 0. அதாவது 18 + 9க = 0; எனவே க = −2. மூன்றே வரி, மார்க் உங்கள் பையில்!

ஒரு எச்சரிக்கை: வகுத்தியில் ய² இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது, பழைய நெடுவகுத்தல்தான் கதி.

எதற்கு இதெல்லாம்?

"வேலைக்குப் போனால் இது எதற்குடா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: கம்ப்யூட்டர் அனுப்பும் 0, 1 வரிசையை ஒரு கோவையாகக் கருதி வகுத்து, அதன் மீதியையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். வாங்கும் பக்கம் மறுபடி வகுத்துப் பார்க்கும். மீதி சரியாக வராவிட்டால் தகவல் வழியில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பீட்டர்சன் 1961-இல் தந்த இந்த முறை இன்றும் நெட்வொர்க் கேபிள்களில் ஓடுகிறது.

மீதியில் மாணிக்கம் எடுத்தவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரை வணங்கிய இராமானுஜன்! 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதமாகப் பிரிக்கலாம். 9-ஐ 30 விதம், 14-ஐ 135 விதம். இப்படி 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும், விதங்களின் எண்ணிக்கையை 5-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம் என்று 1919-இல் நிறுவிக் காட்டினார்.

ஆகவே நண்பர்களே, தினம் இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள். அடுத்த செமஸ்டரில் மீதி எதுவாகவும் இருக்கட்டும். அரியர் மட்டும் பூஜ்யமாக இருக்கட்டும்!