அப்புவின் கணக்குக் கொப்பி

என் அம்மாவின் தகப்பனாரை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். 5ஆம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். வலிகாமம் வடக்கில், குரும்பசிட்டிப் பக்கம் 8 பரப்புச் செம்மண் காணியும் ஒரு கிணற்றில் பங்கும் அவருக்கு இருந்தன. 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். அந்த அரை ஏக்கரை நம்பி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். தோட்டம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. அவர் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து அனுப்புகிற வியாபாரியாகவும் இருந்தார். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தார். அந்தக் கொப்பிகளில் மூன்று இன்று என்னிடம் இருக்கின்றன. சந்தைக்குப் பொருள் கொண்டுபோய் வீடு நடத்தும் சகோதரிகள் பலர் இந்தச் சஞ்சிகையைப் படிப்பதால் அவற்றைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

அப்புவின் இளமைக் காலத்தில் கிணற்றில் துலாதான். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கிணற்றுக் கட்டில் நின்று பனையோலைப் பட்டையால் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாறிவிடுவது ஆச்சியின் வேலை. பங்குக் கிணறு என்றபடியால் அவரவர் முறை நாளில்தான் இறைக்கலாம். விடியற்புறம் மூன்று மணிக்கே எழும்பிவிடுவார்களாம். அறுபதுகளில் மண்ணெண்ணெய் மிஷின் வந்த பிறகுதான் அப்புவின் கால்கள் ஆறின. ஆச்சியின் வேலை அப்படியேதான் இருந்தது. மிஷின் தண்ணீரை இறைக்கும், பாத்திக்குப் பாத்தி மாறிவிடாதே!

வியாபாரத்தில் அப்பு இறங்கியதற்குக் காரணம் 'கழிவு'. எங்கள் பகுதிச் சந்தைகளுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். 100 கிலோ கொண்டுபோனால் 90 கிலோவுக்குத்தான் காசு. மண் ஒட்டியிருக்கும், ஈரம் வற்றும், அழுகல் இருக்கும் என்று காரணம் சொல்லுவார்கள். கிலோ வருவதற்கு முன்னர், றாத்தலும் அந்தரும் இருந்த காலத்திலும் இந்தக் கழிப்பு வேறு கணக்கில் இருந்ததாக அப்பு சொல்லுவார். "பத்துச் சாக்கிலை ஒரு சாக்கு சும்மா போகுது பிள்ளை. அந்தச் சாக்குக்கும் நாங்கள்தானே தண்ணி இறைச்சனாங்கள்?" என்பார்.

சண்டை பிடித்துப் பயனில்லை என்று கண்டு, அயலிலுள்ள தோட்டக்காரர் ஏழெட்டுப் பேருடைய வெங்காயத்தைத் தன் வீட்டு முற்றத்தில் சேர்த்தார். லொறி பிடித்துக் கொழும்பு புறக்கோட்டையில் நாலாம் குறுக்குத் தெருவிலிருந்த ஒரு கொமிசன் கடைக்கு நேரே அனுப்பினார். அவர் தர்மத்துக்குச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தருக்கு இவ்வளவு என்று தனக்கும் எடுத்தார். ஆனால் லொறிக் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி, கடைக்காரரின் கொமிசன், தன்னுடைய பங்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதி, கடைக்காரர் அனுப்பிய துண்டையும் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டினார். அந்த ஐந்து வரிகளும் இல்லாத கணக்கைக் கணக்கு என்று அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

காசை வீட்டுக்கே கொண்டுபோய், பெண்களுக்கு முன்னால் எண்ணிக் கொடுக்கவேண்டும் என்பது ஆச்சியின் ஏற்பாடு. சந்தையில் வைத்துக் கொடுத்தால் சில வீட்டுக் காசு தவறணையைத் தாண்டி வராது என்று அவவுக்குத் தெரியும்.

செத்தல் மிளகாய் முழுக்க ஆச்சியின் கையில்தான் இருந்தது. மார்கழி, தையில் நட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் பழம் காயப்போடலாம். ஏறத்தாழ நாலு கிலோ பழம் காய்ந்தால்தான் ஒரு கிலோ செத்தல். பாயில் பரப்பி, பின்னேரம் கூட்டி மூடி, வெளுத்ததை வேறாக்கி, காம்பு முறியாமல் சாக்கில் அடைய வேண்டும். நிறை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்து அடைகிறவர்களும் இருந்தார்கள். அப்படி அடைந்த சாக்கு கொழும்பு போய்ச் சேர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆச்சி ஒரு பிடி மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பா. விதை கலகலவென்று சத்தம் போட்டால்தான் சாக்கு வாய் தைக்கப்படும்.

1970 முதல் 1977 வரை, மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த காலம், எங்கள் பகுதித் தோட்டக்காரருக்கு நல்ல காலம். கொழும்புச் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது, எங்கள் ஊரில் கல்வீடுகள் எழும்பின. அப்புவும் இரண்டு அறை கட்டினார். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அந்த ஆண்டுகளின் பக்கங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'ஆச்சியின் சங்கிலி, வட்டி.' விதை வெங்காயம் வாங்கச் சங்கிலியை அடைவு வைப்பதும் விற்றதும் மீட்பதும் வழக்கம். அந்த வட்டியை அப்பு பயிர்ச் செலவில் சேர்த்திருக்கிறார். அது நியாயமான எழுத்து. ஆனால் தண்ணீர் மாறியதற்கும் பழம் ஆய்ந்ததற்கும் ஆச்சிக்கு ஒரு சதம் கூலியும் எந்தப் பக்கத்திலும் இல்லை. கூலிக்கு வந்த பெண்களுக்கு எழுதியிருக்கிறார், தன் மனைவிக்கு எழுதவில்லை. நான் கணக்கு எழுதும்போது என் நாட்கூலியையும் செலவில் போடுகிறேன். போட்ட பிறகுதான் பல போகங்களில் நான் இலாபம் என்று நினைத்தது என் சொந்தக் கூலி என்று தெரிந்தது.

1983 ஆடிக் கலவரத்தில் அந்தக் கொழும்புக் கடை எரிந்தது. இரண்டு லோட்டு வெங்காயத்தின் காசு அதோடு போயிற்று. கடைக்காரர் குடும்பத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு அகதியாக வந்து இறங்கினார். அப்பு அவரைத் தேடிப் போனார். ஊரவர்கள் காசு கேட்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் கொண்டுபோனது ஒரு சாக்கு அரிசியும் கொஞ்சம் வெங்காயமும். தோட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டிய காசை ஒரு பரப்புக் காணியை ஈடுவைத்துக் கொடுத்தார். ஆச்சி மூன்று நாள் அப்புவோடு பேசவில்லையாம். கடைக்காரர் இரண்டு ஆண்டுகளில் பாதிக்காசைத் திருப்பித் தந்தார். மீதிக்கு அப்பு கோடு கீறி விட்டிருக்கிறார்.

1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியபோது உடுத்த உடுப்போடும் கொப்பிகளோடும் வெளிக்கிட்டோம். கட்டித் தூக்கியிருந்த விதை வெங்காயம் முழுவதும் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கோப்பாய்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து அப்பு மறுபடியும் நட்டார். பொருளாதாரத் தடையால் யூரியா இல்லை, மிஷினைத் தொடக்கிவிட நாலு சொட்டுப் பெற்றோல்கூடக் கிடைக்காது. பூவரசங்குழை தாழ்த்தார், ஆட்டுப்பட்டி அடைத்தார், அறுபத்தைந்து வயதில் மறுபடியும் துலாவுக்கு வந்தார். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது எங்கள் பெண்கள் குழுவில் எல்லோரும் திகைத்து நின்றோம். எத்தனை கடகம் குழை, எத்தனை இரவு பட்டி என்று 1992ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் அந்தப் போகம் செய்தேன். விளைச்சல் குறைந்தது, வெறுங்கையாக நிற்கவில்லை.

1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் கொப்பிகள் ஒரு பொலித்தீன் பையில் அப்புவின் மடியில் இருந்தன. 1996இல் திரும்பி வந்தோம். தன் காணியைக் காணாமலே 2001இல் அப்பு கண்ணை மூடினார்.

கடைசிக் கொப்பியில் தீராத கணக்கு ஒன்று இருந்தது. 1990 வைகாசிக் கடைசியில் கொழும்புக்குப் போன லோட்டின் காசை லொறிச் சாரதி கொண்டுவந்து தந்த கிழமையே இடம்பெயர்வு வந்தது. பதினொரு பேருக்குக் கொடுக்கவேண்டும். அப்பு சைக்கிளில் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தேடித் தேடிப் பத்துப் பேருக்குக் கொடுத்தார். மிஞ்சியவர் தனியாக ஒரு பெண்பிள்ளையை வளர்த்த விதவைத் தாய். வன்னிக்குப் போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது. அந்த வரியில் அவருடைய பெயரும், வெங்காயம் 6 அந்தர் என்பதும், 1,260 ரூபாவும் இருந்தன. கோடு கீறப்படவில்லை.

2009க்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. எங்கள் துண்டு விடுபட்டபோது வேலி இல்லை, வீடு இல்லை, கிணற்றுக்குள் இடிபாடு. எல்லை பார்க்க வந்தவர்களுக்குள் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். தாயின் பெயரைச் சொன்னார். எனக்கு மேல் நடுங்கியது. தாய் 2009இல் இறந்துவிட்டார் என்றார்.

கணக்கைச் சொன்னேன். 1,260 ரூபாவுக்கு இன்று என்ன பெறுமதி என்று கணக்குப் பார்த்து, கூட்டித் தருகிறேன் என்றேன். அவர் காசு வேண்டாம் என்றார். "அக்கா, அம்மான்ர பேர் எழுதியிருக்கிறதை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். அடையாள அட்டை, காணி உறுதி, படம் எல்லாம் வழியில் போய்விட்டன. தாயின் பெயர் எழுதிய ஒரு கடதாசிகூட அவரிடம் இல்லை.

தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போய் அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரப் பையன் இரண்டு பிரதி அடித்துவிட்டான். மற்றதை அவர் தன் மகளுக்கென்று வாங்கிக்கொண்டார். காசுக்குப் பதிலாக அடுத்த போகத்தில் விதை வெங்காயம் கொடுத்தேன். இப்போது அவரும் எங்களோடு ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறார். அவருடைய நாள் செவ்வாயும் வெள்ளியும்.