ஓவியங்களோடு உறங்கும் ஓவியர்

பல்கலைக்கழகத்துக்குச் சித்திரக்கூடம் எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். விரிவுரை மண்டபமும் நூலகமும் ஆய்வுகூடமும் போதாவோ என்பது அவர்தம் கருத்து. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் தோன்றி வளர்ந்த வரலாற்றை அன்னார் அறிதல் நன்று.

1831ஆம் ஆண்டில் ஜோன் ட்ரம்புல் என்னும் ஓவியருக்கு வயது 75. சிறு பிராயத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். சுதந்திரப் போரில் ஜோர்ஜ் வொஷிங்டனுக்கு உதவி அலுவலராகச் சில காலம் கடமையாற்றியவர். தம் நாடு பிறந்த கதையைத் தீட்டுவதே வாழ்நாட் பணியெனக் கொண்டு, அந்நிகழ்ச்சிகளிற் பங்குபற்றிய பலருடைய முகங்களை நேரிற் கண்டு வரைந்தார். சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் உயரத்தில் 2 அடிகூட இல்லை. அதனையே பின்னர் 12 அடி உயரமும் 18 அடி அகலமுமாகப் பெரிதாக்கி நாடாளுமன்ற மாளிகைக்கு வரைந்து கொடுத்தார். இத்துணைப் புகழிருந்தும் முதுமையில் வறுமை அவரை வாட்டியது. கையில் எஞ்சியவை அவருடைய ஓவியங்களே.

அவருடைய தமையனாரின் மகளை மணந்த பெஞ்சமின் சிலிமன் யேலில் இரசாயனப் பேராசிரியராக விளங்கினார். அவர் இடைநின்று ஓர் உடன்படிக்கைக்கு வழிசெய்தார். ஓவியங்கள் கல்லூரிக்கு உரியனவாகும். கல்லூரி அவற்றுக்குத் தீப்பற்றாத கட்டடம் ஒன்றை எழுப்பி, ஓவியருக்கு ஆயுளுள்ளவரை ஆண்டுதோறும் 1,000 டொலர் வழங்கும். இவற்றோடு வேறொரு நிபந்தனையும் இருந்தது. பார்வையாளர் செலுத்தும் கட்டணத்தால் வரும் ஆதாயம், ஓவியரின் காலத்துக்குப் பின், வறிய மாணவரின் கல்விக்கே செலவாதல் வேண்டும். தம் சீவியத்துக்கே வழிதேடிய முதியவர் முன்பின் அறியாத பிள்ளைகளின் படிப்பையும் எண்ணினார். இத்தனைக்கும் அவர் தாம் கற்றது யேலில் அன்று, ஹாவார்டில்! கட்டடத்தையும் அவரே திட்டமிட்டார். 1832இல் கூடம் திறக்கப்பட்டது.

இக்கூடத்தின் இரண்டாம் பெருஞ்செல்வம் கடனுக்கு ஈடாக வந்தது. ஜேம்ஸ் ஜாக்சன் ஜார்விஸ் என்பவர் இத்தாலியில் வாழ்ந்து, அந்நாட்டுப் பண்டை ஓவியங்களைத் தேடித் தொகுத்தவர். பொன் தகட்டுப் பின்னணியில் தேவமாதாவும் புனிதரும் தோன்றும் அப்படங்களை அக்கால அமெரிக்கர் பெரிதும் விரும்பினாரல்லர். பொஸ்ரனும் நியூயோர்க்கும் அவற்றை ஏற்காதுவிட்டன. பணமுடைப்பட்ட ஜார்விஸ், 119 ஓவியங்களை ஈடுவைத்து யேலிடம் 20,000 டொலர் கடன் பெற்றார். கடனை மீட்க அவரால் இயலவில்லை. 1871இல் அவை ஏலத்துக்கு வந்தபோது கேட்டவர் ஒருவரே. அவர் யேல் பல்கலைக்கழகத்தாரே. கேட்ட விலை 22,000 டொலர். ஜென்ரிலே டா பப்ரியானோவும் பொல்லையுவோலோவும் தீட்டிய படங்கள் அத்தொகுதியில் உள்ளன. இன்று அத்தகைய ஓவியம் ஒன்றினைத்தானும் அவ்விலைக்கு வாங்க எவராலும் இயலாது. சந்தை வேண்டாமென ஒதுக்கியதைக் கல்விக்கூடம் காத்து வைத்தது. அதன் அருமையைக் காணும் கண் ஒரு தலைமுறைக்குப் பின்னரே திறந்தது. ஜார்விஸுக்கோ அதனால் விளைந்த நன்மை யாதுமில்லை.

நவீன ஓவியத்தின் கதையும் அவ்வாறே. கதரின் டிறையர் என்னும் பெண்மணி மார்சல் டூஷாம்ப், மான் றே ஆகிய கலைஞரோடு சேர்ந்து 1920இல் நியூயோர்க்கில் ஒரு சங்கம் நிறுவி, பலரும் எள்ளி நகையாடிய புதுக்கலையைக் கண்காட்சிகள் வாயிலாக மக்கள்முன் வைத்தார். தமக்கென நிலையான காட்சிச்சாலை அமைக்கும் முயற்சி கைகூடாமையால், 1941இல் அச்சங்கத்தின் தொகுதி யேலுக்கு அளிக்கப்பட்டது. வான் கோ 1888இல் தீட்டிய இராக்காலக் கோப்பிக்கடை ஓவியமும் 1961இல் நன்கொடையாக இங்கு வந்து சேர்ந்தது.

1953இல் திறந்த புதுக்கட்டடத்தை அமைத்தவர் லூயி கான். டாக்கா நகரின் நாடாளுமன்ற மாளிகையைப் பின்னாளில் வடிவமைத்தவரும் அவரே. முக்கோணக் குழிகள் நிறைந்த அதன் கொங்கிறீற்றுக் கூரையைக் காணவே கட்டடக்கலை மாணவர் வருகின்றனர். சித்திரங்கள் யாவும் எந்நாளும் சுவரில் தொங்குவதில்லை. காகிதத்தில் வரைந்தவை ஒளிபட்டால் மங்குமாதலின், மங்கிய வெளிச்சத்திற் சில காலம் காட்டி, மீண்டும் பெட்டகத்துள் வைத்துவிடுவர். மாணவர் மூலச்சித்திரத்தின் முன்னே நின்று பாடம் கேட்கின்றனர். நூலிலுள்ள படத்தைக் காட்டிப் பாடம் சொல்லும் எம்போன்ற ஆசிரியருக்குப் பொறாமை தோன்றுவது இயல்புதானே.

ட்ரம்புல் 1843இல் காலமானார். தம் ஓவியங்களின் கீழேயே துயிலவேண்டுமென அவர் விரும்பியவாறு, கூடத்தின் அடியில் மனைவியின் அருகே அவரை அடக்கம் செய்தனர். 1860களில் ஓவியங்கள் வேறு மண்டபத்துக்குச் சென்றபோது அவ்விருவரின் எச்சங்களும் உடன்சென்றன. 1928இல் எழுந்த மாளிகைக்கும் அவ்வாறே கொண்டுசென்றனர். இப்பொழுது அங்கு நுழைவுக் கட்டணம் எவரிடமும் பெறப்படுவதில்லை.