நோயாளியோடு உடன்வரும் மருத்துவக் குறிப்பு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் மக்களின் வீடுகளில், பெட்டிக்கு அடியில் ஒரு பை இருக்கக் காணலாம். சொந்த ஊர் டாக்டர் எழுதிய சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்ஸ்ரே படங்கள் ஆகியவை அதனுள் அடங்கியிருக்கும். ஊர் மாறும்போதெல்லாம் மறவாமல் எடுத்துவரப்பட்ட அந்தப் பை, உடம்புக்கு முடியாமற்போன நாளில் மட்டும் கைக்கு அகப்படுவதில்லை. அவ்வாறு அகப்படாமற்போவதால் விளையும் தீங்கைப் போக்க வந்த ஏற்பாடே மின்னணு மருத்துவப் பதிவேடு.

பதிவேடு என்றால் என்ன? ஒருவருக்கு வந்த நோய்கள், உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், செய்த அறுவைச் சிகிச்சை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாகக் கணிப்பொறியில் பதிந்து, வேண்டும்போது டாக்டரின் பார்வைக்குக் கொண்டுவரும் முறையே அது.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். திருநெல்வேலியிலிருந்து மும்பைக்குச் சென்று தொழில் செய்யும் ஐம்பது வயதுடைய ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு நீரிழிவு உண்டு. அங்குள்ள ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். கிரியேட்டினின் என்னும் பொருள் ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் இருக்கிறது. ஆடவருக்கு அஃது இயல்பின் எல்லையை ஒட்டிய அளவே. கவலைக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரில் அது 0.8 ஆகவும், சென்ற ஆண்டு 1.0 ஆகவும் இருந்தது என்று தெரிந்தால், டாக்டர் அந்த எண்ணை வேறு கண்கொண்டு பார்ப்பார். சிறுநீரகம் மெல்லமெல்லத் தளர்கிறதோ என்று ஐயுற்று, மேலும் சோதிப்பார். சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் வலிநிவாரணிகளைத் தவிர்க்கச் சொல்வார். ஒற்றை எண் சொல்லாத செய்தியை எண்களின் வரிசை சொல்லிவிடுகிறது. அந்த வரிசையைக் காத்துவைப்பதே பதிவேட்டின் முதற் பயன்.

இரண்டாவது பயன், மொழியறியாத இடத்தில் அது நமக்காகப் பேசுவது. பெனிசிலின் ஒவ்வாது என்பதை இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துச் சொல்ல இயலாத முதியவரும், நினைவிழந்து கிடப்பவரும் என் செய்வர்? ஒவ்வாமை முன்னரே பதியப்பட்டிருந்தால், அம்மருந்தை எழுதும்போதே எச்சரிக்கும் கணிப்பொறி அமைப்புகள் இன்று உள்ளன. கையெழுத்து விளங்காமல் மருந்து மாறிப்போகும் அபாயமும் குறைகிறது.

மூன்றாவது, இடையில் நிறுத்தலாகாத சிகிச்சை தொடர்ந்து நடப்பது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமல் நின்றதும், ஊர் மாறியதும் மருந்தை விட்டுவிட்டால், நோய் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். இதனைத் தடுக்கவே 2012-இல் ‘நிக்‌ஷய்’ என்னும் மின்னணுப் பதிவு முறை நாடெங்கும் ஏற்பட்டது. நோயாளிக்கு ஓர் எண் தரப்படுகிறது. அவர் வேறு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ செல்லும்போது முன்கூட்டித் தெரிவித்தால், அவருடைய சிகிச்சை விவரத்தைப் புதிய ஊரின் மையத்துக்கு மாற்ற இயலும். விட்ட இடத்திலிருந்து மருந்து தொடரும்.

எல்லா நோய்களுக்கும் இவ்வாறு ஒரு தொடர்பை உண்டாக்க வந்ததே ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2020 ஆகஸ்டு 15 அன்று புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது. இதில் சேர்பவருக்கு ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. சேர்வது அவரவர் விருப்பம், கட்டணமில்லை. இஃது இலவச சிகிச்சைக்கான காப்பீட்டு அட்டையன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குறிப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை; அவை எழுந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாம் இசைவு தந்தால்தான் வேறொரு டாக்டர் காண முடியும். எந்தக் குறிப்பை, எத்தனை காலம் என்று வரையறுக்கவும், தந்த இசைவைத் திரும்பப் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

எனினும் குறைகளை மறைத்தலாகாது. இத்திட்டத்தில் இணையாத சிறு மருத்துவமனைகள் பல உள்ளன. அங்கே பெற்ற சிகிச்சை தானாக வந்து சேராது. ஒருமுறை தவறாகப் பதிந்தது, திருத்தப்படும்வரை தவறாகவே உலவும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணிப்பொறிகள் விஷமிகளின் தாக்குதலுக்கு இலக்காகி, பல நாள்கள் காகிதத்திலேயே பணி நடந்தது. நோயைப் பற்றிய செய்தி மானத்தோடும் வேலையோடும் தொடர்புடையது. அது பிறர் கைக்குப் போகாமல் காப்பது பதிவேட்டை நடத்துவோரின் தலையாய கடமை. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதிருப்பது நம் கடமை.

ஆகவே, பழைய பையை எறிந்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குவோம். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், ஒவ்வாத மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைப்போம். பதிவேட்டில் நம் பெயரும் வயதும் சரியாக உள்ளனவா என்று பார்ப்போம். ஊரையும் உறவையும் விட்டு வந்தவருக்கு, தம் உடலின் கதையை அறிந்த டாக்டர் அருகில் இருப்பதில்லை. அக்கதையை அறிந்த குறிப்பாவது உடன்வரட்டும்.