லேப்டாப் திரையில் நிழல் உருவமா? பேனலை மாற்றும் முன் சோதியுங்கள்

பிரவுசரை மூடிய பின்னரும் அதன் மேல் பட்டை திரையில் மங்கலாகத் தெரிகிறது. எழுத்துகளை ஒட்டி அதே எழுத்துகள் நிழலாக விழுகின்றன. இவற்றைக் கோஸ்ட் இமேஜ், அதாவது நிழல் உருவம் என்பார்கள். புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் இதனைக் கண்டவுடன் வைரஸ் என எண்ணி ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்துவிடுகின்றனர். அல்லது கடையில் சொன்னவுடன் பேனலை மாற்ற ஒப்புக்கொள்கின்றனர். முதல் வழியில் உங்கள் பைல்கள் போகும். இரண்டாவது வழியில் பல ஆயிரம் ரூபாய் போகும். இரண்டுமே தேவைப்படாமல் இருக்கலாம்.

ஒரு படம் நம் கண்ணுக்கு வரும் முன் மூன்று இடங்களைக் கடக்கிறது. விண்டோஸும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து படத்தை உருவாக்குகின்றன. மூடியின் கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிள் அதனை எடுத்துச் செல்கிறது. பேனல் அதனைக் காட்டுகிறது. நிழல் இம்மூன்றில் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. கீழே உள்ள சோதனைகளுக்குச் செலவு எதுவும் இல்லை. இதே வரிசையில் செய்து பார்க்கவும்.

1. திரையை அணைத்துப் பாருங்கள்

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, திரையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கவும். கட்டம் கட்டமாகத் தடம் தெரிந்தால் அது கீ போர்டு பதிந்த அச்சு. மூடியை மூடும்போது கீகளில் உள்ள விரல் எண்ணெய் திரையில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் மணல், தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடவும். அப்படியே துடைத்தால் கீறல் விழும். பின்னர் மைக்ரோ பைபர் துணியை லேசாக நனைத்துத் துடைக்கவும். திரை மீது நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம்.

2. ஸ்கிரீன் ஷாட் எடுங்கள்

நிழல் தெரியும்போது விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தவும். பிக்சர்ஸ் போல்டரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற துணை போல்டரில் படம் பதிவாகும். அதனை உங்கள் மொபைல் போனுக்கு அனுப்பிப் பார்க்கவும். அதே லேப்டாப்பில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். திரையில் உள்ள நிழல் அந்தப் படத்தின் மீதும் விழும்.

போனிலும் நிழல் தெரிந்தால் குறை படம் உருவாகும் இடத்தில்தான். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று கீகளுடன் பி கீயை அழுத்தவும். திரை ஒரு கணம் கறுத்து, கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். நிழல் திரும்ப வந்தால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி இன்ஸ்டால் செய்திடவும். மவுஸ் அம்புக்குறிக்கு மட்டும் வால் முளைத்திருந்தால், மவுஸ் செட்டிங்ஸில் பாயிண்டர் டிரெயில்ஸ் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும்.

3. டிவியில் இணைத்துப் பாருங்கள்

போனில் படம் சுத்தமாக இருந்தால், எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் லேப்டாப்பை டிவியுடன் இணைத்து, விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டிவியிலும் நிழல் இருந்தால் கிராபிக்ஸ் சிப்பைச் சந்தேகிக்கலாம். டிவி சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது பேனல்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. படம் மாறாமல் நிற்கும்போது, மின்சாரத்தைச் சேமிக்க, சில பேனல்கள் தம் நினைவகத்தில் உள்ள பிரதியையே காட்டிக் கொண்டிருக்கும். இதற்குப் பேனல் செல்ப் ரெப்ரெஷ் என்று பெயர். இது சரியாக வேலை செய்யாவிட்டால் பழைய படம் தங்கிவிடும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் நிழல் வந்தால், கிராபிக்ஸ் செட்டிங்ஸில் பவர் பிரிவுக்குச் சென்று இதனை நிறுத்திப் பார்க்கவும்.

4. மூடியை அசைத்துப் பாருங்கள்

லேப்டாப்பை இயக்கியவுடன், அந்தந்த நிறுவனம் தந்துள்ள கீயை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லவும். அங்கே விண்டோஸ் இல்லை. அங்கும் நிழல் இருந்தால் பார்மட் செய்து பயனில்லை. அந்த நிலையிலேயே மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கவும். நிழல் மாறினாலோ, கோடுகள் வந்து போனாலோ பெரும்பாலும் கேபிள் அல்லது அதன் கனெக்டர்தான் காரணம். பேனல் விலையோடு ஒப்பிட்டால் கேபிள் விலை மிகக் குறைவு.

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதி வாசகர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 1914ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்ததால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்பதை ஆராய, காரைக்குடி சிக்ரி நிறுவனம் மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது.

லேப்டாப்புக்குள் நடப்பதும் இதுவே. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். விசிறி உள்ளே இழுக்கும் காற்றோடு வரும் உப்புத்துகள் கனெக்டரின் நுண்ணிய ஊசிகளில் படிந்து ஈரமாகி அரிக்கத் தொடங்கும். சிக்னல் தடுமாறும். ஆகவே, பேனலை மாற்றும் முன் கேபிளைக் கழற்றி, கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, காயவைத்துப் பொருத்திப் பார்க்கும்படி டெக்னீஷியனிடம் கேளுங்கள். வாரன்டி காலத்தில் இருந்தால் வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள்.

5. காத்திருந்து பாருங்கள்

மேலே சொன்ன எதிலும் நிழல் மாறவில்லை என்றால் பேனல்தான். இங்கும் இரண்டு வகை உண்டு. எல்.சி.டி. பேனலில் திரவப் படிகங்கள் மின்னழுத்தத்தால் திரும்பி ஒளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. ஒரே படம் பல மணி நேரம் நின்றால் சிறிது மின்னேற்றம் தேங்கி, பழைய படம் தெரியும். லேப்டாப்பைச் சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ, முழுத் திரையில் வீடியோ ஓடவிட்டாலோ பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஓ.எல்.இ.டி. பேனலில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிர ஒளிரத் தேய்கிறது. டாஸ்க் பார் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் அங்குள்ள புள்ளிகள் சீரின்றித் தேய்ந்து தடம் விழும். இந்தத் தேய்மானம் திரும்பாது. எனவே டாஸ்க் பாரைத் தானாக மறையும்படி அமைக்கவும். பிரைட்னஸைக் குறைக்கவும். சில நிமிடங்களில் திரை அணையும்படி செட் செய்திடவும்.

கடைக்குச் செல்லும் முன் பைல்களை பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளவும். "ஸ்கிரீன் ஷாட் சுத்தம், டிவி சுத்தம், மூடியை அசைத்தால் மாறுகிறது" என்று நீங்களே சொன்னால், பேனலுக்கு முன் கேபிளைத்தான் பார்க்க வேண்டும் என்பது டெக்னீஷியனுக்கும் புரிந்துவிடும்.