பட்டமும் பங்காளியும்

ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நமக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பாஷணையே இக்கட்டுரைக்குக் காரணம்.

எமது தமையனாரின் மகன் நம்முடன் தங்கிப் புனேயில் கல்லூரியில் பயில்கிறான். ஓய்வு வேளையில் கம்ப்யூட்டரில் ‘குருசேடர் கிங்ஸ்’ என்னும் ஆட்டம் ஆடுவான். ஸ்வீடன் தேசத்தார் 2004இல் வெளியிட்டு, பின்னர் புதுப்பித்து வரும் ஆட்டம் அது. ஆடுபவர் பழங்காலத்து அரச வம்சம் ஒன்றை நடத்த வேண்டும். அரசன் மாண்டால் ஆட்டம் முடிவதில்லை. அவனுடைய வாரிசாக நாம் தொடர்கிறோம். வம்சத்தில் வாரிசே இல்லையெனில்தான் தோல்வி. பல புதல்வர் இருந்தால் ராஜ்யம் பங்காகிச் சிதறுவதும் உண்டு. ஆதலால் உடன்பிறந்தானை ஒழிப்பது அதில் சாமர்த்தியமாகவே கருதப்படுகிறது.

“சித்தப்பா, பங்காளியைத் தீர்த்துவிட்டேன். இனி ராஜ்யம் முழுவதும் நமக்குத்தான்!” என்று ஒருநாள் அவன் குதூகலித்தான். நாம் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஞாயிறன்று அவனைச் சனிவார்வாடாவுக்கு அழைத்துச் சென்றோம்.

முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டிய மாளிகை அது. 1828இல் மூண்ட தீயில் மாளிகை அழிந்தது. மதிலும் வாயில்களும் அடித்தளங்களுமே எஞ்சின. பேஷ்வாக்கள் அரசர்கள் அல்லர். சதாராவில் இருந்த சத்ரபதியின் பிரதம மந்திரிகள். ஆயினும் நாளடைவில் அதிகாரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது, பதவியும் பரம்பரையாயிற்று. ஆனால் மகனுக்கா, தம்பிக்கா என்னும் கேள்விக்கு அசைக்க முடியாத விதி ஏதும் வகுக்கப்படவில்லை. வினை அங்கேதான் விளைந்தது.

1761 ஜனவரியில் பானிபட்டுப் போரில் நானாசாகேப் பேஷ்வாவின் மூத்த மகன் மாண்டான். துயரம் தாளாத தந்தையும் அவ்வாண்டே காலமானார். இரண்டாம் மகன் மாதவராவ் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தார். அவருடைய சித்தப்பா ரகுநாதராவோ 1758இல் சிந்து நதிக்கரையிலுள்ள அட்டாக் வரை மராட்டியக் கொடியைக் கொண்டு சென்ற தளகர்த்தர். பாலகனுக்குக் கீழே நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. மாதவராவ் அவரை வென்று காவலில் வைத்தார். 1772இல் மாதவராவ் காசநோயால் மறைந்தபின், தம்பி நாராயணராவ் பேஷ்வா ஆனார்.

1773 ஆகஸ்டு 30ஆம் நாள். விநாயகர் உற்சவ காலம். சம்பளப் பாக்கி கேட்டு வந்த கார்திக் காவற்படையினர் மாளிகைக்குள் வாளுடன் புகுந்தனர். பதினெட்டு வயது நாராயணராவ் ஓடிச் சென்று சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார், அவ்விடத்திலேயே வெட்டுண்டார். “காகா, என்னைக் காப்பாற்றுங்கள்” என்று அவர் கதறியதாகப் புனே மக்கள் இன்றும் சொல்வர். ‘பிடிக்க’ என்று பொருள்படும் ‘தராவே’ என்ற சொல்லை, ‘கொல்ல’ எனப் பொருள்படும் ‘மாராவே’ என்று கடிதத்தில் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் திருத்தினாள் என்பதும் செவிவழிக் கதையே.

‘காகா’ என்றால் சித்தப்பா என்று நாம் சொன்னதும் பையன் நம் முகத்தைப் பார்த்தான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தச் சித்தப்பா ஜெயித்தாரா?” என்று கேட்டான்.

கேட்க வேண்டிய கேள்விதான். ரகுநாதராவ் பட்டம் ஏறினார். ஆனால் நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே விசாரித்து, குற்றம் அவருடையதே என்று அவர் முகத்துக்கு நேரே கூறினார். நானா பட்னவீஸ் முதலிய மந்திரிகள் ‘பார்பாய்’ என்னும் கூட்டணி அமைத்தனர். நாராயணராவின் கர்ப்பிணி மனைவி கங்காபாய் புரந்தர் கோட்டையில் 1774 ஏப்ரலில் ஈன்ற ஆண் மகவையே, பிறந்த நாற்பதாம் நாள் பேஷ்வா ஆக்கினர்.

பதவி இழந்த ரகுநாதராவ் பம்பாய் ஆங்கிலேயரை அண்டினார். 1775இல் சூரத்தில் உடன்படிக்கை செய்து, படை உதவிக்கு ஈடாக வசையையும் சாஷ்டியையும் தருவதாக எழுதிக் கொடுத்தார். போர் 1782 வரை நீடித்தது. அவருக்குக் கிடைத்தது ஓய்வூதியமே; சாஷ்டியோ ஆங்கிலேயரிடம் தங்கிவிட்டது. நாற்பது நாளில் பட்டமேறிய அந்தக் குழந்தையும் இருபத்தொரு வயதில், 1795இல், இதே மாளிகையின் மாடத்திலிருந்து விழுந்து மாண்டது. முடிவில் பட்டம் ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவுக்கே வந்தது. அவர் 1802இல் வசையில் கம்பெனியின் பாதுகாப்பை நாடினார். 1818இல் ராஜ்யத்தையே இழந்தார்.

நம் தஞ்சையிலும் இதே கதைதான். சிவாஜியின் தம்பி வெங்கோஜி நிறுவிய அந்த மராட்டிய அரசில், 1787இல் துளஜா மன்னர் மறைந்தார். சுவீகார புத்திரர் சரபோஜிக்கும் சிற்றப்பன் முறையான அமர்சிங்குக்கும் பட்டத் தகராறு எழுந்தது. மத்தியஸ்தம் செய்தது கம்பெனி. முதலில் அமர்சிங்குக்கு அளித்த பட்டத்தை, 1798இல் சரபோஜிக்கு மாற்றித் தந்தது. மறு ஆண்டே நாட்டின் நிர்வாகத்தைத் தான் எடுத்துக்கொண்டது. பங்காளிகள் வழக்காட, மத்தியஸ்தன் வீட்டை அடைந்தான்.

அரண்மனைகளின் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. எம் தந்தையார் ஊரிலுள்ள வீட்டைப் பற்றி வாய் திறவாமலே காலமானார். எம் தமையனாரும் நாமும் ஆறு ஆண்டுகள் முகம் பார்க்கவில்லை. வக்கீல் கட்டணத்துக்குப் புன்செய் ஒன்று விலைபோனது. பின்னர், பெரியவர்கள் முன்னிலையில் பாகப்பத்திரம் எழுதினோம். அதன் பயனாகவே தமையனார் தம் மகனை நம்மை நம்பி அனுப்பினார்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்குப் பூர்விக வீடு இன்னும் பொதுவில் கிடக்கிறது. பெரியோர் இருக்கும்போதே பேசித் தீர்த்து எழுதி வைத்தல் நலம்.

பையன் இப்போதும் அந்த ஆட்டம் ஆடுகிறான். சென்ற வாரம் தன் அரசன் கிழப்பருவம் எய்தியதும், முதற்காரியமாக வாரிசு விதியைத் திருத்தி அமைத்தான். “முன்னாலேயே செய்துவிட்டால் சண்டை வராது சித்தப்பா” என்றான். சனிவார்வாடாவுக்குப் போய் வந்தது வீண் போகவில்லை.