ஆங்கில இறந்தகால வினாவும் ‘வரத்தான் செய்தான்’ என்னும் தமிழ் வழக்கும்

‘பாம்பனிலிருந்து படகு வந்ததா?’ என்னும் வினாவை ஆங்கிலத்தில் ஆக்குமாறு இராமேசுவரம், மண்டபம், இராமநாதபுரம் முதலிய ஊர்களின் பள்ளி மாணவரைக் கேட்பின், ‘டிட் த போட் கேம்?’ எனக் கூறுவாரும் அவருள் உளர். ‘டிட் த போட் கம்?’ என்பதே அம்மொழி மரபு. இவ்வழு இக்கடற்கரைக்கே உரியதன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் பயில்வார் பலரிடத்தும் காணப்படுவது. ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு எனக் கருதி மதிப்பெண்ணைக் குறைத்து அமைவர். மாணவனோ தனக்கு ஆங்கிலம் வாராது எனத் துணிந்துவிடுகின்றான். அவன் வழுவியது தமிழ் நெறியை வழுவாது பின்பற்றியதனாலேயே. திருத்தும் வழியும் தமிழிலேயே உளது.

தமிழில் வினாப்பொருளைத் தருவது பெரும்பாலும் ஓரெழுத்தே. எ, யா என்பன சொன்முதலிலும், ஆ, ஓ என்பன சொல்லிறுதியிலும், ஏ ஈரிடத்தும் வினாவாதலை நன்னூலார் வகுத்துரைப்பர். ‘வந்தது’ என்னும் முற்று ஆகாரம் பெற்று ‘வந்ததா’ என நிற்குங்கால், காலங்காட்டும் இடைநிலை சிறிதும் மாறுவதில்லை. இப்பழக்கத்தில் ஊறிய மாணவன் ‘டிட்’ என்பதனை அவ்வாகாரம் போன்றதொரு வினாக்குறி எனக் கொண்டு, முற்றினை உள்ளவாறே வைத்து அதனைச் சேர்த்துவிடுகின்றான்.

‘டிட்’ என்பது குறியன்று, வினை. ‘செய்’ எனப் பொருள்படும் ‘டூ’ என்பதன் இறந்தகால வடிவாகிய அது, துணைவினையாய் நின்று காலத்தைத் தானே ஏற்றுக்கொள்கின்றது. ஆதலின் முதன்மை வினை மீண்டும் காலங்காட்ட வேண்டுவதில்லை.

இதற்கு நிகரான வழக்கு நம்மிடத்தும் உண்டு. ‘வாரான் என்றீர்கள், வரத்தான் செய்தான்’ என்று கூறுகின்றோமன்றோ? ஈண்டு ‘வர’ என்பது செயவெனெச்சம். அவ்வெச்சத்தை நிகழ்காலத்திற்கு உரியதாக நன்னூலார் கூறினும், இத்தொடரில் அது வருதல் என்னும் தொழிலை மட்டுமே உணர்த்துகின்றது. இறந்தகாலமும் ஆண்பாலும் ‘செய்தான்’ என்பதனாற் பெறப்படுவன. வினாவாக்கின் ‘வரத்தான் செய்தானா?’ என்றாகும். ‘வந்தான்தான் செய்தானா?’ எனச் சிறு குழவியும் கூறாது. ‘டிட் ஹி கேம்?’ என்பது ஆங்கிலேயர் செவிக்கு ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கும். தமிழ்த்தொடரில் தேற்றப்பொருள் உண்டு, ஆங்கில வினாவில் அஃது இல்லை என்னும் வேறுபாடு ஒன்றே ஈண்டுக் கருதத்தக்கது. ‘வரவில்லையா?’ என்பதனையும் ஒப்புமை காட்டலாம். எனினும் ‘இல்லை’ என்பது இறந்தகாலம், நிகழ்காலம் இரண்டற்கும் பொதுவாகலின், முன்னதே சிறந்தது.

ஆங்கிலமும் முற்காலத்தில் ‘கேம் ஹி?’ என முதன்மை வினையையே எழுவாய்க்கு முன் நிறுத்தி வினாவியது. 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் இத்தகைய வினாக்கள் பலவுள. ‘டூ’ நிலைபெற்ற வரலாற்றை ஆல்வார் எல்லெகோர்டு 1953-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ‘டிட்’ என்பதனையும் ‘கேம்’ என்பதனையும் ஒருங்கு வைப்பான் பழவழக்கையும் புதுவழக்கையும் ஒரே தொடரில் அடைத்தவனாகின்றான்.

இனி, ‘டிட்’ வேண்டாத வினாக்களும் உள. ‘வாஸ்’, ‘வேர்’ என்பன தாமே எழுவாய்க்கு முன் செல்லும். மாணவரை மிகுதியும் மயக்குவது வேறொன்று. 1964 டிசம்பர்த் திங்களில் தனுஷ்கோடியை அழித்த புயலை இக்கரையில் அறியாதார் இலர். ‘எது தனுஷ்கோடியை அழித்தது?’ என்பது ‘வாட் டிஸ்ட்ராய்டு தனுஷ்கோடி?’ என்றாகும், ‘புயல் எதனை அழித்தது?’ என்பதோ ‘வாட் டிட் த சைக்ளோன் டிஸ்ட்ராய்?’ என்றாகும். ஆங்கிலத்தில் இரண்டிடத்தும் வினாச்சொல் ‘வாட்’ ஒன்றே. தமிழிலோ எது, எதனை என வேற்றுமை பிரித்துக் காட்டுகின்றது. வினாச்சொல் எழுவாயாய் நிற்பின் ‘டிட்’ வாராது, வினை இறந்தகால வடிவிலேயே நிற்கும். செயப்படுபொருளாயின் ‘டிட்’ வரும். எப்போது, எங்கே என்பனவற்றிற்கும் அஃதே. ஆயினும் ‘அவன் என்ன பிடித்தான்?’ என்புழி இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்றலின், ‘எதனைப் பிடித்தான்’ என விரித்துக்கொண்ட பின்னரே ‘வாட் டிட் ஹி கேட்ச்?’ என ஆக்குதல் வேண்டும்.

‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ முதலியன இறந்தகாலத்தும் வடிவு திரியா. ‘டிட் ஹி கட் த நெட்?’ என ஒருவன் வழுவின்றிக் கூறினமை கொண்டு அவன் விதியறிந்தான் எனத் துணிதல் ஆகாது. அறிய விரும்புவார் ‘கோ’, ‘சீ’, ‘கேட்ச்’ போன்ற திரியும் வினைகளையே கொடுத்து வினாவுக.