பந்தய மோட்டார் சைக்கிளில் சக்கர உராய்வைக் குறைத்தல்

பந்தய மோட்டார் சைக்கிளின் சக்கர பேரிங்குகளிலும், அவற்றின் சீல் எனப்படும் ரப்பர் மூடிகளிலும் வீணாகும் ஆற்றலைக் குறைப்பது பந்தய ஆயத்தப் பணிகளுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்குப் பின், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அங்கு நடக்கும் 165 சிசி போன்ற சிறிய எஞ்சின் பிரிவுகளில் வண்டிகளின் திறன் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், சிறு இழப்புகளும் கவனிக்கப்படுகின்றன.

உராய்வின் அளவு

15 மி.மீ. துளையுள்ள குண்டு பேரிங்குகள் 1,000 நியூட்டன் சுமையைத் தாங்கி, மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் சுழலும்போது, குண்டுகளின் உராய்வால் ஏறத்தாழ 1 வாட் மட்டுமே இழப்பாகும். உரசும் சீல்களும் மிகையான கிரீஸும் இதைப் பல மடங்காக்கலாம். எனினும், அதே வேகத்தில் காற்றுத் தடைக்குச் செலவாவது பல ஆயிரம் வாட். எனவே நல்ல நிலையிலுள்ள பேரிங்கை மாற்றுவதால் பெரிய ஆதாயம் இல்லை. தவறாகப் பொருத்திய பேரிங்கைச் சரிசெய்வதே முதன்மையானது.

பொருத்தும் முறை

இரு பேரிங்குகளுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற குழாய் உண்டு. அது தேய்ந்து குட்டையானால், ஆக்சில் நட்டை முறுக்கும்போது உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, பேரிங் இறுகிச் சூடாகும். பொதுவாக முதல் பேரிங்கை இருக்கையில் முழுமையாக அமர்த்தி, இரண்டாவதை அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டுமே இறக்க வேண்டும். ஹப்பைச் சற்றுச் சூடாக்கி, வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும்.

பிரேக் காலிப்பரையும் சங்கிலியையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். நட்டை முறுக்கிய பின் சுழற்சி இறுகினால் ஸ்பேசரையும் பேரிங் அமர்வையும் சோதிக்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால், பிரேக் பட்டைகள் தட்டில் உரசுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சீலும் கிரீஸும்

சில பந்தயக் குழுக்கள் வெளிப்பக்க சீலை விட்டுவிட்டு, ஹப்பின் உட்புறம் நோக்கிய சீலை மட்டும் எடுத்துவிடுகின்றன. கிரீஸ், பேரிங்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும். அடிக்கடி கழற்றிச் சோதிக்கப்படும் வண்டிக்கே இம்முறை பொருந்தும்.

நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூமூட்டை ஏற்றிச் செல்லும் வண்டி புழுதியிலும் மழையிலும் ஓடுவது. அதில் சீலை எடுத்தால் மண் புகுந்து பேரிங் அரிக்கப்படும்; ஓட்டத்தின்போதே சக்கரம் இறுகி நிற்கும் ஆபத்தும் உண்டு.